மூன்றரைத் தடவை கொட்டிய முடி

எங்கள் வீட்டில் இந்த நாலு வருடத்தில் மூன்றரைத் தடவை முடி கொட்டியிருக்கிறது. என் தலையை இதில் சேர்க்கவில்லை, அது தனிக் கணக்கு. இது கம்பு, சாமை என்ற இரண்டு கினி பிக்குகளின் கணக்கு. கினி பிக் என்பது எலி இனத்தில் வாலில்லாத ஒரு வளர்ப்புப் பிராணி, முயலைவிடச் சின்னது. அரைத் தடவை எது என்று பிறகு சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங். பதினெட்டு வருட வேலை. துணியில் ஓட்டை விழுந்து வந்தால், நிட்டிங்கில் ஊசி உடைந்து விழுந்ததா, சாயப்பட்டறையில் விழுந்ததா, எங்காவது மாட்டி இழுபட்டதா என்று ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிக் கிளாஸ் இருக்கும். துணியின் இழையை எண்ணுவதற்கான மடக்கு லென்ஸ் அது. காசு போல மூன்றாக மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கண்ணாடியும் பதினெட்டு வருடக் கண்ணும் சேர்ந்துதான் என்னை முதல் தடவை கவிழ்த்தன.

மகள் அப்போது ஆறாம் வகுப்பு. நாய் கேட்டாள், வாடகை வீட்டில் முடியாது என்றோம். பூனை கேட்டாள், என் மனைவிக்கு மூச்சிரைப்பு. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கடையில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். "ஆணும் பெண்ணுமா ஜோடிங்க" என்று கடைக்காரர் கொடுத்தார். இரண்டுமே பெண் என்று பிறகு தெரிந்தது. நல்லவேளை. சாம்பலும் பழுப்பும் கலந்த பெரியது கம்பு, வெளிர் மஞ்சளில் இருக்கும் சின்னது சாமை. பேர் வைத்தது ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா.

மூன்றாம் நாளே முதல் கலவரம். "அப்பா, கம்புக்குக் காதுக்குப் பின்னாடி சொட்டை!" பிக் கிளாஸை எடுத்துப் பார்த்தேன். தோல் வழவழவென்று சுத்தமாக இருந்தது. செதில் இல்லை, சிவப்பு இல்லை. மறுகாதைப் பார்த்தேன், அங்கேயும் அதே அளவு. சாமைக்கும் அப்படியே. கினி பிக் எல்லாவற்றுக்கும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் பிறவியிலேயே மொட்டையாகத்தான் இருக்கும். புதிதாக வாங்குகிற எல்லாரும் ஒருமுறை பயந்தே தீர வேண்டிய இடம் அது. நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று மகள் முன்னால் கொஞ்சம் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமைதான் வினை.

ஏழெட்டு மாதம் கழித்து, தை மாதம். கம்பு சொறிய ஆரம்பித்தது. பின்னங்காலைத் தூக்கி தோள்பட்டையைச் சொறியும், திரும்பி முதுகைக் கடிக்கும். தூக்கினால் கையோடு கொத்தாக முடி வரும். தோளிலிருந்து முதுகின் இரண்டு பக்கமும் முடி மெலிந்து, அடியில் தவிடு கொட்டினது போலச் செதில். பிக் கிளாஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பேன் என்றால் ஓட வேண்டும், வைக்கோல் நிறத்தில் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், கண்ணுக்கே தெரியும். முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உண்ணி என்றாலும் இந்த லென்ஸில் புள்ளியாகத் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை. "பூச்சி கிடையாது. குளிருக்குத் தோல் வறண்டிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் பல்லடம் பக்கம் இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கிறார். "இதுக்குப் போய் என்னடா யோசனை? வேப்பெண்ணெயைத் தடவி உடு" என்றார். தடவினேன். இரண்டு நாள், காலையும் மாலையும். கம்பு எண்ணெய்ப் பிசுக்கோடு மூலையில் சுருண்டு கிடந்தது. உடம்பை நக்கி நக்கி, தீனியைக் குறைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாலை மனைவி பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாக முதுகைத் தேய்த்தாள், செதில் போகட்டும் என்று. கம்பு சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலு காலும் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. அரை நிமிடம்கூட இருக்காது. மகள் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, எலிக்குப் போயி காக்கா வலிப்பு வருமுங்களா?" என்று அவர்கள் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "மாடு, ஆடு, கோழி, நாய்னா நான் பாப்பேன். இதுக்கு மருந்து அளவு எனக்குப் பழக்கம் இல்லை. கோயம்புத்தூர்ல சின்னப் பிராணிங்க பாக்கற டாக்டர் இருக்காங்க, விடியக்காலைலயே போயிடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அதே இரவு ஒரு கடையில் நாய் உண்ணிக்கு அடிக்கும் ஸ்பிரேயை என் கையில் திணிக்கப் பார்த்தார்கள். "எல்லாத்துக்கும் அடிக்கலாமுங்க, முயலுக்கும் அடிக்கிறோம்" என்றார்கள். மறுநாள் அந்தப் பேரை டாக்டரிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அதில் இருந்தது ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி. முயலுக்கு அது ஆகவே ஆகாதாம். நாய்க்கு எழுதியிருப்பதை அளவு தெரியாமல் இந்தக் குட்டி உடம்பில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அந்த டாக்டரம்மா மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்வி: "அரிக்குதா?" ஆமாம் என்றேன். "முடி போனதுக்கப்புறம் அரிச்சுதா, அரிச்சு அரிச்சு முடி போச்சா?" யோசித்துப் பார்த்தேன். அரிப்புதான் முதலில். அப்புறம் பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, தோள்பட்டை ஓரத்தில் இலேசாக ரத்தம் கசிகிற வரை சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "வாங்க, நீங்களே பாருங்க."

உருண்டையாக, குட்டைக் கால்களோடு ஒன்று நெளிந்தது. ட்ரிக்ஸாகாரஸ் கேவியே என்று பேர். கினி பிக்குகளுக்கென்றே இருக்கும் சொறி உண்ணி. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதோடு, அது முடியில் வசிப்பதில்லை, தோலைக் குடைந்து உள்ளே போய்விடுகிறது. என் பிக் கிளாஸில் எப்படித் தெரியும்? மேலே தடவின வேப்பெண்ணெய் எப்படி அதைத் தொடும்? அரிப்பு தாங்க முடியாத அளவுக்குப் போனால், தொட்டாலே வலிப்பு மாதிரி வருமாம். சில நேரம் சுரண்டிப் பார்த்தாலும் உண்ணி சிக்காது, அப்போதும் அடையாளத்தை வைத்தே வைத்தியம் தொடங்கிவிடுவோம் என்றார்.

மருந்து ஐவர்மெக்டின், தோலுக்கு அடியில் ஊசி. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று எழுத வேண்டும். இந்த மருந்து மாட்டுக்கும் போடுவதுதான், அப்பாவின் தொழுவத்திலேயே பாட்டில் இருக்கிறது. ஆகவே, "ஒரு சொட்டு போட்டா ஆச்சு" என்று யாருக்கும் தோன்றும். கணக்கைப் பாருங்கள். கம்புவின் எடை அன்று 780 கிராம். டாக்டர் எடுத்த அளவு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். அப்படியென்றால் மொத்தம் 0.31 மில்லிகிராம். மாட்டுப் பாட்டிலில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. வேண்டியது 0.03 மில்லி. சிரிஞ்சிலும் ஊசியிலுமாகத் தங்கி நிற்பதே அதற்குமேல் இருக்கும்! அவர் அதை நீர்க்கச் செய்து, அளந்து, இரண்டு தரம் சரிபார்த்துப் போட்டார். கைப்பதத்தில் போடுகிற வேலை இல்லை இது. கழுத்துக்குப் பின்னால் சொட்டுவிடும் செலாமெக்டின் என்றொரு மருந்தும் இருக்கிறது, அதையும் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு ஊசியோடு முடியவில்லை. மருந்து முட்டையைக் கொல்லாது. பொரித்து வருவதை அடுத்த ஊசிதான் பிடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று ஊசி. ஒரு சொறியும் இல்லாத சாமைக்கும் சேர்த்தே மூன்று. கூண்டில் இருந்த மரக்குடில் எரிந்தது, துணியெல்லாம் கொதிநீரில் போனது. முதல் ஊசிக்கு அப்புறம் இரண்டு நாள் சொறிதல் அதிகமானது போலக்கூட இருந்தது, பிறகு அடங்கியது. மூன்றாவது ஊசிக்குப் போகும்போது தோளில் கறுப்பாகப் புது முடி. என் மகளுடைய கையில் சில நாள் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு இருந்தது. இந்த உண்ணி மனிதத் தோலில் வாழாது, ஆனால் கடித்து அரிப்புக் கொடுக்கும். கம்பு சரியானதும் அதுவும் தானாகப் போனது.

அந்த முதல் நாளிலேயே அவர் கேட்ட இரண்டாவது கேள்வி: "என்ன தீனி போடறீங்க?" முயல் பெல்லட் என்றேன், பெருமையாக. விலை கூடினது வேறு.

முயலின் உடம்பு வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும். நம் உடம்பு செய்யாது. கினி பிக்கின் உடம்பும் செய்யாது. அதற்கு வேண்டிய ஒரு என்சைம் நமக்கும் இல்லை, அதற்கும் இல்லை. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்று இரண்டு பேர், கப்பல்காரர்களுக்கு வருகிற ஒரு நோயை ஆராய்வதற்காகக் கினி பிக்குகளுக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது, வைட்டமின் சி இல்லாமல் வருகிற நோய். வைட்டமின் சி என்ற பேரே அப்போது கிடையாது. நூறு வருடம் கழித்து அதே சோதனையை நான் திருப்பூரில் தெரியாமல் நடத்திக்கொண்டிருந்தேன். சாமையின் முடி சிலும்பி நிற்பதும், குதிக்காமல் உட்கார்ந்தே இருப்பதும் அதன் சுபாவம் என்று நினைத்திருந்தேன். மூட்டு வலியாம்.

நாள் ஒன்றுக்கு உடம்பின் ஒரு கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதும். அதற்கு மாத்திரை கடைக்குக்கூட ஓட வேண்டாம். சிவப்புக் குடைமிளகாயில் ஒரு துண்டு, கொத்தமல்லி ஒரு பிடி, எப்போதாவது கொய்யாக்காய்த் துண்டு. நெல்லிக்காயில்தான் கொட்டிக் கிடக்கிறதே என்று அரிந்து போட்டேன். இரண்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, மிதித்துக்கொண்டு போய்விட்டன. தண்ணீரில் சொட்டு கலந்து வைப்பது வீண், சில மணி நேரத்தில் சத்துப் போய்விடும். கினி பிக்குக்கென்று வரும் பெல்லட்டிலும் தேதி பார்க்க வேண்டும், தயாரித்து மூன்று மாதம் தாண்டினால் அதிலுள்ள சி பெரும்பாலும் பேருக்குத்தான். ஆனால் பெரும்பங்கு தீனி புல்தான். பெட்டியில் வருகிற டிமோத்தி என்ற உலர்புல் எங்கள் சம்பளத்துக்குத் தினமும் கட்டுப்படியாகாது. பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் விற்கும் அக்காவிடம் மொத்தமாகச் சொல்லிவைத்தேன். "வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், எதற்கு விளக்கம். அதை அலசி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்கிறோம்.

சரி, அந்த அரைத் தடவை. அடுத்த வருடம் சாமையின் விலாவில் திடீரென்று முடி குட்டையானது. சொறியவில்லை, செதில் இல்லை. முன்பு பட்ட சூடு இருந்ததால் பிக் கிளாஸைக் கூச்சத்தோடுதான் எடுத்தேன். ஆனால் இந்த முறை அது என் துறை. தானாக உதிர்ந்த முடிக்கும் வெட்டுப்பட்ட முடிக்கும் வித்தியாசம் இழையின் முனையில் இருக்கிறது. உதிர்ந்தால் அந்த இடம் வழுக்கையாக இருக்கும். இங்கே தோலில் முடியின் அடிக்கட்டை வரிசையாக நின்றது, ஒவ்வொன்றும் கத்தரியால் வெட்டினது போல மட்டமான முனை. கம்புதான் இரவில் சாமையின் முடியை மென்றிருக்கிறது! சலிப்பிலும் நார்த்தீனி குறைந்தாலும் இப்படிச் செய்யுமாம். அந்த வாரம் மழையில் அருகம்புல் அக்கா வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புல்லைக் கூட்டினோம், கூண்டை இரண்டு மடங்காக்கினோம். கம்பு நாவிதர் வேலையை விட்டது. நோயே இல்லாததால்தான் அரைக் கணக்கு.

இரண்டாவது முழுத் தடவைக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், நான்தான் காரணம், அதுவும் என் தொழில்.

கம்பி அடித்தளம் உள்ள கூண்டு பாதத்தைப் புண்ணாக்கும் என்று டாக்டர் சொன்னதும், கம்பெனியில் கட்டிங் வேஸ்டில் போகும் ஃபிளீஸ் துணியைக் கொண்டுவந்து விரித்தேன். ஹூடிக்குப் போகும் த்ரீ-த்ரெட் ஃபிளீஸ், சதுர மீட்டருக்கு 280 கிராம் எடை, உள்பக்கம் பிரஷ் செய்து பஞ்சு போல இருக்கும். கை வைத்துப் பார்த்தால் மெத்தை. ஐப்பசி, கார்த்திகை மழை. மூக்கின் மேல் கம்புவுக்கு ஒரு வட்டமான மொட்டை, ஓரத்தில் பொருக்கு. பிறகு கண்ணைச் சுற்றி. அரிப்பு அதிகம் இல்லை. ஒரு வாரத்தில் மகளின் முழங்கைக்குக் கீழே நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு வளையம். அதைப் பார்த்ததும் என் மனைவி சொல்லிவிட்டாள்: "ஏனுங்க, இது படர்தாமரைங்க."

அவள் சொன்னது சரி. கினி பிக்குக்கு வரும் படர்தாமரை பெரும்பாலும் முகத்தில்தான் தொடங்கும், அதைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் தொற்றும். டாக்டர் ஓரத்து முடியைப் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஊதா விளக்கில் பளிச்சிடுமே என்று நான் எங்கோ படித்ததைக் கேட்டேன். நாய் பூனைக்கு வரும் பூஞ்சையில் ஒரு வகைதான் அப்படி மின்னும், இவற்றுக்கு வரும் ட்ரைக்கோஃபைட்டான் மின்னாது, விளக்கில் தெரியவில்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது என்றார். வளர்ப்புச் சோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மருந்தை அன்றே தொடங்கினார். மேலே தடவ ஒன்று, வாய்வழியாக ஒன்று, ஆறு வாரம். புண் ஆறினாலும் நிறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

நம் ஊர் மருந்துக்கடையில் அரிப்பு என்று சொன்ன உடனே எடுத்துக் கொடுப்பார்களே, ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அதை மட்டும் தொடாதீர்கள். நான்கு நாளில் சிவப்பு மறைந்து அடியில் பூஞ்சை பரவும். மனிதருக்கே கேடு. தன் உடம்பைத் தானே நக்கும் பிராணிக்குக் கேட்கவே வேண்டாம். மகளைத் தோல் மருத்துவரிடம் தனியாகக் காட்டினோம். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பொருக்கில் கொஞ்சம் சீழ் வைத்தபோது ஒரு கடையில் குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப்பை நீட்டினார்கள். போனில் கேட்டதும் டாக்டர் கத்தியேவிட்டார். பென்சிலின் வகை மருந்து வாய்வழியே போனால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி, சில நாளில் ஆளையே முடித்துவிடும். இவற்றுக்கென்று தனி ஆன்டிபயாடிக் இருக்கிறது. நமக்குச் சாதாரணமான மருந்து இவற்றுக்கு விஷம்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் கூண்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "கீழே ஈரமா இருக்குமோ?" என்றார். அன்று இரவு, கம்பெனியில் செய்வதை வீட்டில் செய்தேன். துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது. எங்கள் ஃபிளீஸ் காட்டன் கலந்தது. சொட்டை உடனே குடித்தது, குடித்ததை விடவே இல்லை. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அழுத்தினால் ஈரம். மழைக்காலத்தில் அந்த ஈரத்தின்மேல் இரண்டும் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தன. போலார் ஃபிளீஸ், அதாவது முழு பாலியஸ்டர், வேறு மாதிரி. இழை தண்ணீரைக் குடிக்காது, இழைக்கு நடுவே கீழே இறக்கிவிடும். அடியில் பழைய டர்க்கி டவல் போட்டால் அது வாங்கிக்கொள்ளும், மேலே காய்ந்தே இருக்கும். ஆனால் புதுத் துணியில் ஃபினிஷிங் பூச்சு இருப்பதால் சொட்டு முத்து மாதிரி உருண்டு நிற்கும். நாலைந்து தடவை வெந்நீரில் அலசினால்தான் இறங்கும். சாஃப்ட்னர் போட்டுவிட்டால் அதுவும் கெட்டது, இழையின் மேல் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். கம்பெனிச் சரக்குக்குத் தினமும் பார்க்கிறேன். வீட்டுக் கூண்டுக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

பூஞ்சையின் விதை மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கூண்டைத் துடைத்துக் காயவிட்டோம், இரண்டும் அப்போது வேறு அறையில். பழைய ஃபிளீஸ் மொத்தமும் குப்பைக்குப் போனது. ஆறு வாரம் கழித்துக் கம்புவின் மூக்கில் முடி வந்தது. மகளின் கையில் இன்னும் உற்றுப் பார்த்தால் அந்த வளையத்தின் நிழல் தெரியும். பள்ளியில் யாராவது கேட்டால் "கம்பு போட்ட மோதிரம்" என்கிறாள்.

மூன்றாவது, இப்போது நடப்பது.

சாமைக்கு நாலு வயது தாண்டிவிட்டது. மாசி மாதத்தில் இரண்டு விலாவிலும் முடி மெலிய ஆரம்பித்தது. இடப்பக்கம் எவ்வளவோ வலப்பக்கமும் அவ்வளவே, பேட்டர்ன் வைத்து வெட்டினது போல. சொறிவதே இல்லை. தோல் சுத்தம். முடியின் முனையைப் பார்த்தேன், கம்புவின் வேலை இல்லை. முலைக்காம்பு தடித்துக் காய்ந்திருந்தது. வயிறு கொஞ்சம் பேரிக்காய் போல. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அரிப்பு இல்லை, வயதான பெண். இதை நான் போனில் சொல்லச் சொல்ல டாக்டர், "சினைப்பையில நீர்க்கட்டியா இருக்கும், கூட்டிட்டு வாங்க" என்றார். ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் கட்டி. பெண் கினி பிக்குகளுக்கு வயது ஏற ஏற இது மிகச் சாதாரணமாம். கட்டி சுரக்கிற ஹார்மோனால்தான் முடி போகிறது. எந்தக் களிம்பும் எண்ணெயும் இதற்குப் பதில் இல்லை.

ஹார்மோன் ஊசி இரண்டு போட்டுப் பார்த்தோம். கட்டியில் ஒரு வகைக்குத்தான் அது கேட்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். இடது விலாவில் பூனைமயிர் போலக் கொஞ்சம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. சமையல் தராசில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடை பார்த்து எழுதுகிறோம். 905, 890, 890, 865. முடியைவிட அந்த எண்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மிச்சம் இருப்பது ஆபரேஷன். இந்த அளவு உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது என்பதை டாக்டர் மறைக்கவில்லை. கட்டி பெரிதாகிக்கொண்டே போவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதையும் சொன்னார். மூன்று பேரும் இரண்டு இரவு பேசினோம். வருகிற வியாழக்கிழமை என்று முடிவு.

மகள் இப்போது ஒன்பதாவது முடித்துவிட்டாள். "மொட்டை விலாவுக்கு ஒரு குட்டி பனியன் தெச்சுக் கொடுங்கப்பா, திருப்பூர்ல இருந்துட்டு இதுகூட இல்லைன்னா எப்படி?" என்றாள். தைக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் வேண்டாம். இது ஆண்டிஸ் மலைக் குளிருக்குப் பிறந்த பிராணி. சித்திரை வெயிலில் துணியும் போட்டால் சூடு தாங்காது. அதற்குப் பதில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிக் கூடையில் ஒரு ஓரமாக வைப்போம், அவிநாசி ரோட்டில் கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை.

என் மனைவிக்குத்தான் ஒரு விஷயம் இன்னும் ஒப்பவில்லை. ஆபரேஷன் என்றால் முந்தின இரவே வெறும் வயிறு என்பது அவள் கணக்கு. கினி பிக்கைப் பட்டினி போடக் கூடாது. இது வாந்தி எடுக்காது, குடல் ஓடுவது நின்றால்தான் ஆபத்து. ஆகவே காலை வரைக்கும் புல் இருக்கட்டும், மயக்கம் தெளிந்ததும் முதலில் தின்ன அதே வாசனையுள்ள புல்லும் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். "நல்லா விசாரிச்சுட்டீங்களா?" என்று தினமும் கேட்கிறாள். விசாரித்துவிட்டேன். இன்னொன்றும் சொன்னார், கம்புவையும் அதே கூடையில் கூட்டிவரச் சொல்லி. பழகின துணை பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் தீனி எடுக்குமாம்.

அருகம்புல் அக்காவிடம் புதன்கிழமைக்கு இரண்டு கட்டுச் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த முறையும், "வேண்டுதலுங்களா?" என்றுதான் கேட்டார்.